தழும்பை அழிக்க வந்த பெண்

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஃபிளெக்ஸ் கடையில் நானும் அவளும் வேலை பார்த்தோம். அவள் கம்ப்யூட்டரில் படம் சேர்த்து எழுத்துப் போடுவாள். நான் அச்சான பேனரைச் சட்டத்தில் ஆணியடிப்பேன். மூன்று வருடமாக அவளைக் காதலித்தேன். அது எனக்கும் எதிர்க்கடை டீ மாஸ்டருக்கும் மட்டும் தெரியும்.

கீரனூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். மானிட்டர் ஓரத்தில் அவளுடைய அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படம் செருகியிருக்கும். இடது புருவத்துக்கு மேல் பிறை மாதிரி ஒரு தழும்பு. இரண்டு வயதில் அவள் வீசிய சொம்பு பட்டதாம். அடுத்த வருடம் சவுதி போனவர் அங்கேயே இறந்துவிட்டார் என்று அவளுடைய அம்மா சொல்லியிருந்தார்.

ஒருநாள் மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தாள். மீமிசலிலிருந்து ஓர் இளம்பெண் வந்து, அப்பாவின் பதினாறாம் நாளுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டாள். செல்போனில் படத்தைக் காட்டினாள். முடி கொட்டிய, வயதான முகம். பிறை மட்டும் அப்படியே இருந்தது.

"அண்ணே, அந்தத் தழும்ப மட்டும் அழிச்சிருங்க. அம்மாவுக்குப் புடிக்காது."

மானிட்டர் ஓரத்துப் படத்தைப் பார்த்தேன். சாப்பிடப் போனவள் வருவதற்குள் முடித்து அனுப்பிவிட்டால், அந்த மனிதர் அவளுக்கு சவுதியிலேயே செத்தவராக இருந்துவிடுவார். நானே மவுஸைப் பிடித்தேன். தழும்போடு புருவமும் போனது. புருவத்தை மீட்கப் போய் நெற்றியில் மீசை முளைத்தது.

"நவுருங்க. யாரு பெத்த புள்ளைய இந்தக் கோலம் பண்றீங்க?"

பின்னால் டிபன் டப்பாவோடு அவள்.

என் கைவரிசையை ஒவ்வொன்றாக நீக்கினாள். புருவம் வந்தது. தழும்பு வந்தது. அவள் கை நின்றது. மயங்கி விழுவாள் என்று தண்ணீர் பாட்டிலோடு தயாராக நின்றேன். அவள் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே மூக்கு.

"இது எப்டி வந்துச்சுன்னு சொல்லிருக்காராம்மா?"

"யாரோ சின்னப்புள்ள சொம்ப வீசுச்சாம்க்கா. யாருன்னு கேட்டா எந்திரிச்சு வெளிய போயிருவாரு. ஆனா எந்நேரமும் அதத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருப்பாரு."

"அப்ப இருக்கட்டும்மா. இது இல்லாட்டி ஒங்கப்பா மாதிரியே இருக்காது."

"சரிக்கா."

யாரையும் அக்கா என்று கூப்பிடுகிற ஊர்தான். ஆனாலும் எனக்குப் புல்லரித்தது.

ஒரு மணி நேரம் அந்த முகத்தைத் துலக்கினாள். எத்தனையோ மாப்பிள்ளைகளையும் தலைவர்களையும் அவள் சிவப்பாக்கியிருக்கிறாள். இவரை மட்டும் மனிதராக்கினாள். ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனரை வேனில் ஏற்றி அனுப்பிய பிறகு கேட்டாள்: "ஒங்களுக்கு மொதல்லயே தெரிஞ்சிருச்சுல்ல?"

"தெரிஞ்சிருச்சுங்க."

"அதான் புருவத்த அழிச்சீங்களா?"

"இல்லங்க. அது என் தெறம."

சிரித்தாள், அழுதாள், இரண்டையும் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம காரியம். தூரமா நின்னு பாத்துட்டு வந்துரணும். தனியாப் போகப் பயமா இருக்கு. வாரீங்களா?"

சினிமாவுக்கு, சித்தன்னவாசலுக்கு என்று அவளை அழைக்க மூன்று வருடம் ஒத்திகை பார்த்தவன் நான். கடைசியில் அவளே கூப்பிட்டாள், அப்பாவின் காரியத்துக்கு.

"வாரேங்க" என்றேன். ஒத்திகை பார்க்காத ஒரே வார்த்தை அதுதான்.