நான் படிக்காத பாட்டு

"...அது இருக்கட்டுங்க சார், பாட்டோட சுருக்கத்த மூணு நாளா எழுதுறோம். பாட்ட எப்பங்க படிப்போம்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து செல்வி கேட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூரில் ஒரு டுடோரியலில் நான் இங்கிலீஷ் வாத்தியார். பழைய பேப்பர்களைப் படித்து நானாகக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ். கைடைப் பார்த்து நோட்ஸ் சொல்வதையே இலக்கியம் நடத்துவதாக நினைத்துத் திரிந்த ஜென்மம் நான். செல்வியின் கணவர் சுண்ணாம்புக்கல் குவாரியில் மண் சரிந்து இறந்தவர். எஸ்.எஸ்.எல்.சி.யில் விட்டுப்போன இங்கிலீஷில் தேறினால் அவளுக்கு அங்கேயே ஆபீஸ் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"பாட்டப் படிச்சா மார்க்கு வருமா? நோட்ஸப் படிம்மா," என்றேன். வகுப்பே சிரித்தது.

அவள் உட்காரவில்லை. எழுத்துக் கூட்டி வாசித்தாள். கடலுக்குப் போன கணவனுக்காக ஒருத்தி தினமும் ஜன்னலில் விளக்கு வைக்கும் பாட்டு அது.

"கவிஞர் நம்பிக்கையைப் போற்றுகிறார்னு எழுதச் சொன்னீங்களே சார், அவன் வரமாட்டான்னு இவளுக்குத் தெரியுதுங்க. கடைசி வரியில சாப்பாட்டுக்கு ஒரு தட்டுதான எடுத்து வைக்கிறா?"

நான்கு வருஷமாக நடத்திய பாட்டில் அந்தத் தட்டை அன்றுதான் பார்த்தேன். அப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கலாம். "பரீட்சையில இத எழுதுனா ஃபெயிலும்மா," என்றேன். அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

செல்வி புத்தகத்தில் அந்தப் பாட்டு இருந்த தாளை மட்டும் கிழித்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து என் நோட்ஸை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள்.