குஜோவுக்குப் போன பயத்தம் பணியாரம்

தவராசா அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் பாரிஸின் ஸ்டாலின்கிராட் நிலையத்தில் மெத்ரோ ரயிலுக்குக் காத்து நின்றேன். அழைத்தவன் லா சப்பலில் சலூன் வைத்திருக்கும் றஞ்சன். "அண்ணை, ஜப்பான் தவமண்ணை மோசம் போயிட்டார். விடிய நடக்கப் போறதெண்டு சப்பாத்துக் கட்டிக்கொண்டு இருந்தவராம். அப்பிடியே சாஞ்சிட்டார்." மெத்ரோ வந்தது, போனது. அடுத்ததும் வந்தது. லா சப்பல் அங்கிருந்து ஒரே ஒரு நிறுத்தம். நடந்தே போனேன். அவர் அடிக்கடி சொல்வதும் அதுதான்: "ஒரு ஸ்டேசன் முந்தி இறங்கு ஐசே. பாக்க வேண்டியதெல்லாம் அங்கைதான் இருக்கு."

அவரை அறிந்தவர்களுக்கே இதை எழுதுகிறேன் என்றாலும், அறியாத சிலரும் பாரிஸில் இருக்கக்கூடும் என்பதால் ஒரு விளக்கம். அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு ஜப்பானிய உணவகத்தில் சமையல்காரராக இருந்தார். அந்த உணவகத்தின் உரிமையாளர் ஜப்பானியர் அல்லர். சமையல்காரர் ஊர்காவற்றுறைக்காரர். மீன் நோர்வேயிலிருந்து வந்தது. வாடிக்கையாளர்கள் அவரிடம் ஜப்பானில் எந்தப் பக்கம் என்று மரியாதையாகக் கேட்பார்கள். அவரும் அதே மரியாதையோடு "தெற்கு" என்பார். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் எல்லோரும் கனடாவுக்கு ஓடியபோது, இவர் தன் சமையல் சரியா என்று பார்த்து வர ஜப்பான் போனார். திரும்பி வந்து றஞ்சனின் சலூனில் அறிக்கை சமர்ப்பித்தார். "நாங்கள் செய்யிறது பிழையெண்டு சொல்லேலாது. ஆனால் அது வேறை சாப்பாடு." அன்றிலிருந்து அவர் ஜப்பான் தவம் ஆனார். அன்றிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் போனார்.

இது எவ்வளவு பெரிய ஒழுங்கீனம் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். நமக்குப் பயணம் என்றால் ரொறன்ரோவில் கல்யாணம், லண்டனில் சாமத்தியச் சடங்கு, சுவிசில் செத்தவீடு. ஆட்கள் இல்லாத இடத்துக்கு நாம் போவதில்லை. ஆல்ப்ஸ் மலையைக்கூட, அதன் அடிவாரத்தில் ஒரு மச்சான் இருந்தால்தான் பார்ப்போம். தவராசா அண்ணையின் மனைவி மனோகரி அக்கா இந்த ஒழுங்கைக் கடுமையாகக் காத்தவர். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலையில் கிடைத்த வக்கான்ஸ் விடுமுறை நாள்களையெல்லாம் சொந்தக்காரரின் மண்டபங்களில் செலவழித்தவர்.

அண்ணைக்கு வாழ்க்கையில் இருந்த குறை இது ஒன்றுதான். அக்கா ஒரு தடவையாவது தன்னோடு வர வேண்டும். தான் பார்த்த ஊர்களை அவரும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தை மாதமும் கேட்பார். பதிலும் ஒவ்வொரு தை மாதமும் ஒன்றுதான். "அங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்? அடுத்த வருசம் பாப்பம்."

எங்களுக்கு அவர் அந்த ஊர்களை வாயாலேயே காட்டினார். தோக்கியோவை இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடுவார். சுவானோ என்ற சிறு ஊருக்கு ஒரு பின்னேரம் முழுவதும் தேவைப்படும். அங்கே வீதியோர வடிகானில் தெளிந்த தண்ணீர் ஓடுகிறது. அதற்குள் முழங்கை நீளத்துக்குச் செம்மஞ்சள் மீன்கள் நீந்துகின்றன. "நான் ரெண்டு நாள் நிண்டு பாத்தனான். ஒருத்தரும் பிடிக்கேல்லை" என்றார், ஒரு சமையல்காரரின் வியப்போடு. றஞ்சன் சலூன் வாசலைத் திறந்து எங்கள் வீதிக் கானை எட்டிப் பார்த்தான். அதற்குள் ஒரு வண்டிச் சில்லும் ஒரு குடையும் கிடந்தன. "எங்கடையிலையும் இருக்கு அண்ணை, நீந்தேல்லை" என்றான்.

ஓனோமிச்சி அவருக்கு இன்னும் பிடித்த ஊர். மலைச்சரிவில் படிக்கட்டுகள், கோயில்கள், யாருக்கும் வழிவிடாத பூனைகள். கீழே ஆறு போல ஒடுங்கிய கடல். எதிரே உள்ள தீவுக்குச் சில நிமிடங்களில் போய்விடும் சிறிய படகுச் சேவை. அவர் அந்தப் படகில் ஒரே நாளில் ஆறு தடவை போய்வந்தார். தீவில் பிறந்தவர் அல்லவா, கண் கலங்கியிருக்கும் என்று எண்ணி, "ஊர் ஞாபகம் வந்ததோ அண்ணை?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "இல்லை. இந்தப் படகு நேரத்துக்கு வந்தது" என்றார்.

ஆனால் எல்லா வருடமும் தவறாமல் போன ஊர் குஜோ ஹச்சிமான். மலைகளுக்கு நடுவே ஒரு சிற்றூர். சிறிய ரயிலில் ஆற்றோரமாகப் போக வேண்டும். ஊற்றுத் தண்ணீர் அங்கே தொட்டி தொட்டியாக இறங்குகிறது. முதல் தொட்டியில் குடிப்பார்கள், அடுத்ததில் மரக்கறி கழுவுவார்கள், அதற்கடுத்ததில் பாத்திரம் கழுவுவார்கள், மிச்சம் மீன்களுக்கு. ஒருவரும் முறை மாறுவதில்லை, காவலுக்கும் ஆள் இல்லை. உணவகக் கண்ணாடிகளில் வைக்கும் போலி உணவுகளைச் செய்வதற்கும் அந்த ஊர் பேர்போனது. அங்கே மெழுகில் பொரித்த ஒரு இறாலைப் பார்த்து, "நான் இருபத்திரண்டு வருசம் செய்ததைவிட வடிவா இருந்தது" என்று ஒப்புக்கொண்டார்.

அங்கே அவர் தங்கியது ஹருக்கோ என்ற மூதாட்டி நடத்தும் நான்கு அறை விடுதியில். முதல் தடவை அங்கே போகுமுன், "ஒரு வீடு மாதிரியான இடம்" என்று வாய்தவறி அக்காவிடம் சொல்லிவிட்டார். வீடு என்றால் வெறுங்கையோடு போகக்கூடாது. அக்கா ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி நிறையப் பயத்தம் பணியாரம் சுட்டுக் கொடுத்தார்.

"விடுதிக்கு ஆரும் பலகாரம் கொண்டு போவினமே?"

"நீங்கள்தானே வீடெண்டு சொன்னனீங்கள். பேசாமல் கொண்டுபோய்க் குடுங்கோ."

ஜப்பானில், வாங்கிய அன்பளிப்புக்குப் பதில் செய்யாமல் விடுவது பெரும் குறை. நம்மில், பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது குறை. கடைசியாகக் கொடுத்தவராக மற்றவரை விட்டுவைக்காத இரண்டு இனங்கள் உலகின் இரண்டு மூலைகளில் பத்திரமாக இருந்தன. அண்ணை அவற்றை அறிமுகம் செய்துவைத்தார். பெட்டி உலர்ந்த சீமைப்பனிச்சம் பழங்களோடு திரும்பி வந்தது. எள்ளுருண்டையோடு போனது. தேயிலையோடு வந்தது. ஏழு வருடங்களாக அந்தப் பெட்டி வெறுமையாக இருந்ததே இல்லை. ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு பெண்கள், யார் பேச்சும் யாருக்கும் விளங்காமல், விட்டுக்கொடுக்காமல் போராடினார்கள்.

இடையில் அக்காவுக்கு ஒரு சந்தேகமும் வந்தது. ஒரே விடுதிக்கு ஏன் ஒவ்வொரு வருடமும்?

"அந்த மனுசிக்கு எழுபத்தெட்டு வயசப்பா!"

"எழுபத்தெட்டெண்டாலும் மனுசிதானே. நல்லாத்தானே பழம் காயப்போடுறா."

இந்த வருடமும் ஏப்ரலுக்கு அறை பதிந்திருந்தார். மாசியில் சப்பாத்துக் கட்டும்போது சாய்ந்துவிட்டார். மகள் அபிரா, அப்பா இறந்துவிட்டார், வரமாட்டார் என்று விடுதிக்கு இரண்டு வரி எழுதிப் போட்டாள். மூன்று வாரத்தில், பாரிஸின் புறநகரான திரான்சியில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஒரு பொதி வந்தது. உள்ளே, போன வசந்தத்தில், பிறகு நிரப்பித் தருவதாக ஹருக்கோ வைத்துக்கொண்ட அதே தகரப்பெட்டி, நிறைய அரிசிப் பலகாரம், ஒரு கட்டு ஊதுபத்தி, ஒரு கடிதம். பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்த்து, மனிதர்கள் பிறந்திருக்கிறார்கள் என்று அரசாங்கத்தை நம்பவைப்பது என் தொழில் என்பதால், கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார்கள். ஏதோ இயந்திரம் அதை ஜப்பானிய மொழியிலிருந்து பிரெஞ்சுக்குத் தள்ளியிருந்தது. நான் தமிழுக்கு இழுத்தேன். "உங்கள் வீட்டார் இறந்ததில் என் வீடும் அமைதியாக இருக்கிறது. அறையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அவசரமில்லை."

அக்கா கடிதத்தைக் கேட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப எங்கடை முறை" என்றார்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டின்போது தான் போகப்போவதாக அறிவித்தார். பந்தியில் கை நின்றது. லண்டனிலிருந்து வந்திருந்த அவருடைய மூத்த தமையன் சட்டம் எடுத்து விளக்கினார்.

"ஆண்டுத்திதி முடியேல்லை. அதுக்குள்ளை உல்லாசப் பயணமோ? சனம் என்ன சொல்லும்?"

"உல்லாசத்துக்குப் போகேல்லை அண்ணை. பெட்டி குடுக்கப் போறன்."

"பெட்டியைத் தபாலிலை போடலாம்தானே?"

"செத்தவீட்டுக்கு வந்த பெட்டியை ஆரும் தபாலிலை திருப்புவினமே? கையாலை குடுக்க வேணும். அதுதானே முறை."

அப்படி ஒரு முறை நம்மிடம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது. அக்காவுக்கும் அன்றுதான் தெரியவந்திருக்கும். ஆனால், அப்படி ஒரு முறை இல்லை என்று சபையில் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. தமையனார் அபிராவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீயாவது அம்மாவுக்குச் சொல்லன்." அவள் கைத்தொலைபேசியிலிருந்து தலை நிமிர்த்தாமல், "செ ஃபே, தொந்தோன். எனக்கும் சேத்து ரிக்கெற் எடுத்தாச்சு" என்றாள். அந்தப் பிரெஞ்சுக்கு, முடிந்த விடயம், மாமா, என்று பொருள்.

குஜோவிலிருந்து அக்கா எனக்கு அழைத்தது அங்கே சேர்ந்த மறுநாள். முதலில் முறைப்பாடுகள்: குளிர், காலணியைக் கழற்றிக் கழற்றியே இடுப்பு நோகிறது, பெட்டியை நீட்டினால் ஹருக்கோ அம்மா குனிகிறார், தானும் குனிய வேண்டியிருக்கிறது, யார் முதலில் நிமிர்வது என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியில் கீரை கழுவினாராம். "சரியான தொட்டியிலைதான், தம்பி. ஒருத்தரும் சொல்லித் தரேல்லை." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"தம்பி, இவ பதிவுக் கொப்பியைக் காட்டினவ. அபிராதான் போனிலை மாத்தி வாசிச்சுச் சொன்னவள். அந்தாள் வந்த வருசமெல்லாம் இதிலை எழுதிக் கிடக்கு. ஏழு வருசமும் ரெண்டு பேருக்கெண்டுதான் அறை எடுத்திருக்கிறார். என்ரை பேரும் போட்டு. இவவும் ஒவ்வொரு முறையும் ரெண்டு படுக்கை விரிச்சு, ரெண்டு சாப்பாடு வைச்சவவாம். கடைசி நேரத்திலை நான் ஓமெண்டால் இடமில்லையெண்டு ஆகக் கூடாதாம்."

அக்கா அதோடு நிறுத்தவில்லை.

"நானும் யோசிக்கிறனான், மனுசன் மலையெல்லாம் ஏறி நடந்திட்டு எப்பிடி வயிறு வைச்சுக்கொண்டு வாறார் எண்டு. ரெண்டு சாப்பாட்டையும் தானே திண்டிருக்கிறார், பாவி." சிரித்தார். நடுவில் மூக்கை உறிஞ்சினார். பிறகு மீண்டும் சிரித்தார். "நாளைக்கு அந்தப் படகு ஓடுற இடத்துக்குப் போறம். ஹருக்கோவும் வாறாவாம். ஆறு தரம் ஏலாது, ரெண்டு தரம் போவம்."

தவராசா அண்ணையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்ளக்கூடியவை அதிகமில்லை. எனக்குச் சமைக்கத் தெரியாது, மலை ஏற முழங்கால் விடாது, மீன்களை இரண்டு நாள் நின்று பார்க்கும் பொறுமையும் இல்லை. அவருடைய ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். இந்த இலையுதிர் காலத்துக்குச் சுவானோவில் ஓர் அறை பதிந்திருக்கிறேன், இரண்டு பேருக்கு. அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் என்று என் மனைவி கேட்டுவிட்டாள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டாள். பதிவை நான் மாற்றவில்லை. எதற்கும் இப்போதிருந்தே குறைவாகச் சாப்பிட்டு வருகிறேன்.