வாசனை ஆகாத வாலண்டைன்

வாலண்டைன் என்று பெயர் வைத்துக்கொண்டு, கழுத்தில் ஒரு சொட்டு சென்ட் படாமல் நாற்பது வயதைத் தாண்டிய ஆள் மலேசியாவின் யோங் பெங் ஊரில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். கருமி என்று நினைத்துவிட வேண்டாம். வேலை அப்படி. தென்னை மரம் விடும் மூச்சைப் பிடித்துக் குழாயில் அடைப்பது அவர் தொழில்.

சிரிக்காதீர்கள். சம்பளம் தருகிறார்கள், இபிஎஃப்கூடப் பிடிக்கிறார்கள். சிவப்புக் கூன்வண்டு என்று ஒன்று இருக்கிறது. அது தென்னையில் முட்டையிட்டால், புழுக்கள் உள்ளேயே இருந்து மரத்தைத் தின்னும். வெளியே மரம் மைனர் மாதிரி நிற்கும். தலை சாயும்போதுதான் விஷயம் தெரியும். அப்போது வெட்டுவதைத் தவிர வழியில்லை. ஆனால் கடிபட்ட மரம் சும்மா இருப்பதில்லை. அது காற்றில் விடும் வேதிப்பொருள்களின் கலவை மாறுகிறது. மனித மூக்குக்கு எட்டாத அந்த மாற்றத்தை ஆய்வுக்கூடத்து இயந்திரம் பிரித்துச் சொல்லும். வாலண்டைன் மரத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, உள்ளே சேரும் காற்றைச் சிறு பம்பால் ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக இழுப்பார். குழாயில் இருக்கும் தூள் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். மூடி போட்டு ஜொகூர் பாரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தூளுக்குப் பாரபட்சம் தெரியாது. மரத்தின் வாசனையையும் பிடிக்கும், பக்கத்தில் நிற்பவரின் வாசனையையும் பிடிக்கும். அதனால் முந்தின நாளிலிருந்தே பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, வாசனை சோப்பு, கொசுவத்தி எதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் சாம்பிராணிப் புகை எழுந்தால் வாலண்டைனும் எழுந்து காடி நிறுத்தும் இடத்துக்குப் போய்விடுவார். ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டார் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு.

இப்படிப்பட்டவருக்கு ஆண்டவர் பார்த்துக் கொடுத்த மனைவி ஃபெலிசியா. சிங்கப்பூரில் ஒரு பெரிய கடையில் சென்ட் விற்கிறார்.

அங்கேயே தோழிகளோடு ஓர் அறை. செவ்வாய் மாலை பேருந்தில் வந்து புதன் மாலை திரும்பிவிடுவார். புதன் வாலண்டைனுக்கும் ஓய்வு; வியாழன் அலுவலக வேலை, மரத்துப் பக்கம் போக வேண்டியதில்லை. ஆக, அந்த ஒரு நாள்தான் குடித்தனம். ஃபெலிசியா உள்ளே வந்தால் ரோஜா, சந்தனம், எலுமிச்சை, பெயர் தெரியாத பிரெஞ்சுப் பூக்கள் எல்லாம் கூடவே வரும். வாலண்டைன் அவர் தோளில் முகம் வைத்து, பட்டினி கிடந்த மூக்குக்குச் சோறு போடுவார். அவர் போன பிறகும் தலையணை உறையைத் துவைக்காமல் வைத்திருப்பார். வியாழன் மாலை துவைத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை மரம்.

தப்பு நடந்தது டிசம்பர் தொடக்கத்தில். காற்றுப் பைகளை ஆய்வுக்கூடத்தில் சூடாக்கி, வாசனை போக்கி, அலுமினியத் தாளில் சுற்றித் தருவார்கள். ஒரு பொட்டலம் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. கசங்கிய எதையும் பார்த்தால் ஃபெலிசியாவின் கை சும்மா இருக்காது. பரிசுப் பொருள் சுற்றிச் சுற்றிப் பழகிய கை. பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொரு பையையும் நீவி, ஓரம் பிசகாமல் மடித்து, பழையபடி சுற்றி வைத்தார். கணவருக்குச் செய்யும் உதவி அல்லவா? அந்தப் பைகளோடு வாலண்டைன் பொந்தியானில் தங்கராஜு என்பவரின் தென்னந்தோப்புக்குப் போய்வந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மேலாளர் சந்திரமதி போன் செய்தார்.

"வாலண்டைன், தங்கராஜு தோட்டத்துல என்ன மரம் நிக்குது?"

"தென்னைதான், மேடம்."

"தென்னையா? ரிப்போர்ட்ல மல்லி, ரோஜா, கஸ்தூரி எல்லாம் இருக்கு. மரமெல்லாம் கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரி இருக்கு. ஐயோ, அலமாக்! யாரு பையத் தொட்டது?"

அந்த நேர்த்தியான மடிப்பு வாலண்டைனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"நான்தான், மேடம்."

"திரும்ப எடுங்க. வெட்டுற ஆளு சனிக்கிழமை வராரு. எந்த மரம்னு அதுக்குள்ள சொல்லணும். நாளைக்கு ஒரு நாள்தான் மழை இல்லயாம்."

நாளை புதன்கிழமை. அதுவும் சாதாரணப் புதன் இல்லை. பண்டிகை வியாபாரம் தொடங்குவதால் ஃபெலிசியாவுக்கு இனி விடுமுறை கிடையாது. கிறிஸ்துமஸ்கூடக் கடையில்தான். இந்தப் புதனை விட்டால் அடுத்த வருடம்.

அன்று மாலை ஃபெலிசியா வாசலில் வந்து நின்றபோது, வாலண்டைன் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை நீட்டிக்கொண்டு சமையலறையில் நின்றார்.

"கிட்ட வராத."

"என்னங்க, கொரோனாவா?"

"நாளைக்கு மரம்."

கதையைக் கேட்டு ஃபெலிசியா முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"யாரு மடிச்சதுன்னு சொன்னீங்க?"

"நான்னு சொன்னேன்."

"நம்பிட்டாங்களா? உங்களுக்கு ஒரு கைலி மடிக்கத் தெரியுமா?"

அன்று இரவு ஒருவர் கூடத்திலும் ஒருவர் அறையிலும் படுத்தார்கள். காலையில் வாலண்டைன் தனியாக மோட்டார் சைக்கிளில் போனார். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க மாட்டேன் என்று ஃபெலிசியா பேருந்து பிடித்துப் பொந்தியானுக்கே வந்துவிட்டார். காற்று மரத்திலிருந்து அவர் பக்கம் வீசும்படி பார்த்து, தோட்டத்தின் பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவரை நிற்க வைத்தார் வாலண்டைன். இருவரும் போனை எடுத்துக்கொண்டார்கள்.

தங்கராஜு இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா தம்பி, சண்டையா?"

"இல்லண்ணே, வேல."

"சண்டையின்னா நான் பேசி முடிப்பேன். வேலைக்கு என்னா பண்றது?"

பம்பு சன்னமாக இரைந்துகொண்டிருந்தது. போனில் ஃபெலிசியா கேட்டார்:

"என்ன சொல்லுது உங்க மரம்?"

"எனக்கு எப்படித் தெரியும்? மெஷினத்தான் கேக்கணும்."

"உள்ளுக்குள்ள என்னமோ தின்னுதுன்னா அது வெளிய சொல்லிருதுல்ல? கெட்டிக்கார மரம் லா."

"நீயும் சொல்லேன்."

"வரவன் போறவனுக்கெல்லாம் கையில சென்ட் அடிச்சுக் காட்டுறேன். வீட்டு ஆளு பக்கத்துல நிக்க முடியல. இத எந்த மெஷின்ல போயி சொல்றது?"

வாலண்டைன் பையின் கட்டைத் தேவையில்லாமல் ஒருமுறை இறுக்கினார்.

கடைசி மரம் பாதியில் இருக்கும்போது தங்கராஜு காடியிலிருந்து ஹாரன் அடித்தார். ஃபெலிசியா சிங்கப்பூர் திரும்ப ஏற வேண்டிய ஜொகூர் பாரு பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

"என்னங்க, அந்தக் குழாய மூடுங்க."

"இன்னும் முடியலயே."

"மூடுங்களேன்."

வாலண்டைன் பம்பை நிறுத்தினார். குழாயைக் கழற்றி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, பெட்டியில் வைத்து அழுத்திச் சாத்தினார்.

"மூடியாச்சு."

ஃபெலிசியா கைப்பையிலிருந்து ஒரு சிறு சென்ட் புட்டியை எடுத்தார். விரலை ஈரமாக்கி நீட்டிக் காற்றைப் பார்த்தார். பலகைப் பாலத்தைத் தாண்டி, காற்று எங்கிருந்து புறப்படுகிறதோ அந்த மூலைக்கு நடந்தார். கடையில் ஆளுக்கு ஒரு தடவைதான் அடிக்கலாம் என்று சட்டம். இங்கே, வாலண்டைன் பக்கம் வீசும் காற்றில், புட்டி காலியாகும்வரை அடித்தார். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் காடியில் ஏறிக்கொண்டார்.

தங்கராஜு பேருந்து நிலையத்தில் அவரை இறக்கிவிட்டுத் திரும்பியபோதும் வாலண்டைன் அதே இடத்தில், பையைக்கூட அவிழ்க்காமல், கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்.

"என்னா தம்பி, இன்னும் முடியலயா?"

"காத்து சுத்தமாகணும்ண்ணே. அப்புறம் புதுப் பை கட்டி, இந்த மரத்த முதல்லருந்து எடுக்கணும்."

தங்கராஜு மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் வரலயே. சுத்தமாத்தான இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் இருக்குண்ணே," என்றார் வாலண்டைன்.