மறுமணம் இல்லை என்றொரு கையெழுத்து

அத்தையின் பென்ஷன் புத்தகம் ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பையில், ரேஷன் கார்டுக்கும் மாமாவின் இறப்புச் சான்றிதழுக்கும் நடுவில், அந்துருண்டை வாசத்தோடு இருந்தது. அதை அவள் இரு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். நான் ஒரு கையால் வாங்கினேன். முப்பது வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். ஓய்வு பெற்றுத் தென்காசிக்குத் திரும்பியதும் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அரை வக்கீல் ஆகிவிட்டேன். விதவைப் பெண்பிள்ளை, அரசாங்கம் கொடுக்கவேண்டியதை ஒழுங்காகக் கொடுக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று இலஞ்சிக்குக் கிளம்பியது என் பெருமைக்காகத்தான். அவள் என்னைக் கேட்கவே இல்லை.

மாமா பொதுப்பணித் துறையில் லஸ்கர். குளத்து மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. பணியில் இருக்கும்போதே நெஞ்சு வலியில் போய்விட்டார். அப்போது அத்தைக்கு நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. குடும்ப ஓய்வூதியம் ஒன்றுதான் பிடிமானம். பழைய பாஸ்புக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு மாதம் தொகை திடீரென்று பாதிக்குப் பக்கமாக இறங்கியிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரைக் கேட்டுக் கொறைச்சானுவ? நீங்க ஏன் போய்க் கேக்கல அத்தே?" என்றேன். அத்தையின் முகம் வெளுத்துப்போனது. பாஸ்புக்கைப் பிடுங்கிப் பையில் திணித்தாள். "அதைக் கிளறாதல. வாறதையும் நிப்பாட்டிருவாவ. ஒனக்குப் புண்ணியமாப் போவும், விட்டுரு" என்றாள். ஆபீஸ் என்றாலே பயப்படுகிற மனுஷி என்று நினைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பென்ஷன் புத்தகத்தை மட்டும் வாங்கி வந்தேன்.

மறுநாள் கருவூலத்துக்குச் சண்டை போடத்தான் போனேன். இருக்கையில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். என்னை முழுதாகப் பேசவிட்டாள். பிறகு புத்தகத்தை வாங்கி, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். "இங்கனயே போட்டுருக்கு பாருங்க சார். மொத ஏழு வருசம் கூடுதல் ரேட்டு, அதுக்கப்புறம் சாதா ரேட்டு. என்னைக்கு மாறும்னு தேதிகூட இருக்கே. அம்மாவுக்கு எல்லாம் சரியாத்தான் போயிக்கிட்டிருக்கு." ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரே வரி. முந்தின நாள் நான் வீராப்பாகப் புரட்டிய பக்கம்தான். சம்பளம் தெரிந்தவனுக்குப் பென்ஷன் தெரியும் என்று யார் சொன்னது? மூக்கு உடைந்தாலும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. நல்ல சேதி சொல்லப்போகிற தோரணையில் இலஞ்சிக்குப் பஸ் ஏறினேன்.

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். விதியை விளக்கிச் சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான், யாரும் ஒன்றும் செய்யவில்லை, தானாகக் குறைவது என்றேன். அவள் கை நின்றுவிட்டது. "அப்ப யாரும் மொட்டைக் கடுதாசி போடலியா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன கடுதாசி என்று கேட்டபிறகுதான் அவள் சொன்னாள்.

எதிர்வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற கண்டக்டர், மனைவியை இழந்தவர். கண்டக்டர் அண்ணாச்சி என்றுதான் தெருவில் பெயர். சாரல் காலத்தில், கூட்டம் சேருமுன், முதல் பஸ்ஸில் இருவரும் ஐந்தருவிக்குப் போவார்கள். அத்தை பெண்கள் பக்கம் குளித்து வரும்வரை அவளுடைய மாற்றுச் சேலைப் பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு அவர் படியில் உட்கார்ந்திருப்பார். பிறகு அவர் குளிக்க, இவள் காவல். திரும்பும்போது ஆளுக்கொரு சுக்குக் காப்பி. அவ்வளவுதான். மூன்றாவது சாரலில் ஒரு மாதம் பணம் குறைந்து வந்தது. "யாரோ பாத்து எழுதிப் போட்டுட்டாவன்னு நெனச்சேன். பாதியத்தான் வெட்டியிருக்காவ, இன்னும் போனோம்னா மீதியும் போயிரும்லா? சோத்துக்கு எங்க போவேன்?" அண்ணாச்சி வழக்கம்போல வந்து கதவைத் தட்டியிருக்கிறார். அவள் திறக்கவில்லை. காரணம் சொன்னால் அதுவும் வெளியே போய்விடும் என்று பயம். ஒரு மாதம் தட்டிப் பார்த்தார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று மட்டுமாவது சொல்லுங்கள் என்று ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாராம். பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு ஆலங்குளத்தில் மகளிடம் போனார். நான்கு வருடத்துக்கு முன் அங்கேயே இறந்தும் போனார். அத்தை துட்டிக்குக்கூடப் போகவில்லை. சாரல் வீட்டு வாசல்வரை வந்து விழுகிற ஊரில் இருந்துகொண்டு பதினோரு வருடமாக அவள் அருவிப் பக்கமே போகவில்லை.

"இப்படியெல்லாம் வெட்டுவாவன்னு ஒங்களுக்கு யாரு அத்தே சொன்னா?"

"நீதாம்ல சொன்ன."

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கொருமுறை நேரில் போய் முகம் காட்டவேண்டிய நேர்காணலுக்கு, முதல் வருடம் அவளைக் கருவூலத்துக்குக் கூட்டிப்போனவன் நான்தான். மறுமணம் செய்தால் பென்ஷன் நின்றுவிடும் என்பதால், செய்துகொள்ளவில்லை என்று எழுதிய படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது, "எவன்கூடயும் சுத்திராதீங்க அத்தே. ஒரு மொட்டைக் கடுதாசி போதும், பென்ஷனை வெட்டிருவானுவ" என்று சொன்னேனாம். அத்தையைக் கேலி பேசுவது எங்கள் பக்கம் மருமகனுக்கு உள்ள பாத்தியதை. அவளும் சிரித்திருப்பாள். எனக்கு அது நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை, அந்த வயதில் என் வாய் அப்படி. "ஆபீஸ்ல இருக்கவன் சொன்னா நெசமாத்தான இருக்கும்?" என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "இனி அவியகிட்ட யாரு போயிச் சொல்லுவா?" என்று கீரையிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்த அண்ணாச்சியின் மகளுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் நாலைந்து பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். "நீங்க யாரும்மா?" என்று கேட்டாள் அந்த மகள். அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் என்று மழுப்ப நான் வாயெடுத்தேன். அத்தை என் கையை விலக்கிவிட்டு முன்னால் போனாள்.

"நானும் ஒங்க அப்பாவும் சேந்து அருவிக்குப் போவோம்" என்றாள். பீடி சுற்றுகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள்.