வளையாத நெக்

கிட்டார் வயரைச் சின்ன ஆம்ப்ளிஃபயரில் சொருகி, தடித்த ஸ்ட்ரிங்கை ஒரே ஒரு தடவை தட்டினேன்… எதிரில் இருந்த ஸ்டீல் பீரோவின் கதவு கிணுகிணுவென்று நடுங்கியது.

சுரங்க டவுன்ஷிப்பில் ஓர் ஆபீசர் வீடு. ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்தார். பாதி வீடு அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது.

"பையன் ஆசப்பட்டு வாங்குனது தம்பி. இப்ப தொடறதே இல்ல. வாசிக்கிற ஆள் கையில குடுத்தா நிம்மதியா இருக்கும்" என்றார்.

தேன் நிறத்தில் ஒரு பேஸ் கிட்டார். நெக்கை, அதாவது விரல் ஓடுகிற அந்த நீளமான மரக்கழுத்தை, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர்.

ஆனால் நான் அங்கே போனது எனக்காக இல்லை. குமரேசனுக்காக.

குமரேசனும் நானும் ஒரே ஆர்க்கெஸ்ட்ராவில் மாற்றி மாற்றி பேஸ் வாசித்தோம். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கிளப் ஆண்டுவிழா… அவனுக்கு சேத்தியாத்தோப்பு பக்கம். மைன்ஸில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். நான் அப்பாவின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், கன்வேயர் மெயின்டனன்ஸில் பெர்மனென்ட். அவனிடம் சொந்தமாக பேஸ் கிடையாது. என்னுடைய கறுப்பு பேஸைத்தான் இரவல் வாங்கி வாசிப்பான்.

அங்கேதான் என் வயிறு எரிந்தது.

அவன் கையில் அது என் பேஸ் மாதிரியே இருக்காது. அதே ஸ்ட்ரிங், அதே ஆம்ப்… ஆனால் கூட்டத்தில் தலைகள் ஆட ஆரம்பிக்கும். கிட்டார்காரர்கள் இரண்டு பேர் ஒரே மேடையில் நிற்கலாம். பேஸுக்கு ஒருவன்தான். பெரிய நிகழ்ச்சி வந்தால் ஆர்க்கெஸ்ட்ரா மாஸ்டர் அவனைத்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

ஆபீசர் வீட்டில் ஃபேன் கழற்றப் போனபோது அந்தத் தேன் நிற பேஸைப் பார்த்தது குமரேசன்தான். நேராக என்னிடம் வந்தான்.

"எனக்கு இன்னிக்கு செகண்ட் ஷிஃப்ட்டுடா. நீ போயி பாத்துட்டு வா. நெக்கு நல்லாருக்குதுன்னு நீ சொன்னா போதும், கண்ண மூடிகினு வாங்கிடுவேன்."

மறுநாள் காலை பஜார் டீக்கடையில் காத்துக்கொண்டு நின்றான். நான் சைக்கிளை ஸ்டாண்ட் போடுவதற்குள்ளேயே கேட்டான்.

"எப்பிட்றா இருக்குது?"

"நெக்கு வளஞ்சிருக்குடா. நடுவுல பள்ளம். வாங்காத."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை…

"பாக்க அவ்ளோ நல்லா இருந்துச்சே" என்றான். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒண்ணு பண்ணு, என் கறுப்ப நீயே வாங்கிக்க."

"நெசமாவாடா? அப்ப உனக்கு?"

"நான் எதாச்சும் பாத்துக்குறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு பேஸை விற்ற அந்தப் பணத்தோடு, அன்று சாயங்காலமே ஆபீசர் வீட்டுக்குப் போனேன்.

மூன்று வாரம் அது என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஆனால் எத்தனை நாள் ஒளித்து வைப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

குமரேசன் பையைத் திறந்து பார்த்தான். நெக்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தான்.

"டேய்… சரி பண்ணிட்டியாடா?"

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்?

"மாஸ்டர், இங்க வந்து பாருங்க! வளஞ்ச நெக்க எப்பிடி நிமித்தி வச்சிகினு இருக்கறான் பாருங்க!"

என் பொய்க்கு அவனே வாசல் திறந்துவிட்டான். அதோடு நிறுத்தினானா? போன இடமெல்லாம் சொன்னான். அடுத்த மாதமே காடாம்புலியூரிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து நின்றார். தோளில் பேஸ். அதன் நெக் நிஜமாகவே வில் மாதிரி வளைந்திருந்தது.

"குமரேசன் அனுப்புனாருங்க. நீங்க தொட்டா சரியாப்பூடும்னாரு."

முடியாது என்று எந்த வாயால் சொல்வது… நெக்குக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடும், அதைத் திருகித்தான் நிமிர்த்த வேண்டும் என்று மட்டும் தெரியும். கன்வேயர் வேலைக்கு வைத்திருந்த ஆலன் கீயை எடுத்தேன். கால் சுற்று… ஒரு நாள் விட்டு இன்னொரு கால் சுற்று. நிமிர்ந்துவிட்டது!

அப்புறம் சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒன்றை உடைக்கவும் உடைத்தேன், அதற்கு வேறு நெக் தேடி வாங்கிக் கொடுத்தேன். என் ஞாயிற்றுக்கிழமைகள் அடுத்தவர் பேஸோடு போயின. மேடையில் குமரேசன், என் பழைய கறுப்பு பேஸோடு. மாஸ்டர் ஒருநாள் சொல்லியே விட்டார்.

"இனிமே குமரேசனே வாசிக்கட்டும்ப்பா. நீ அவனுக்கு செட் பண்ணிக் குடு."

ஒரு திருவிழாவுக்கு மட்டும், தேன் நிற பேஸைத் தருகிறாயா என்று குமரேசன் கேட்டான்.

"மழ நாளுடா. கை மாறுனா நெக்கு திரும்ப வளஞ்சிக்கும்" என்றேன்.

அதையும் நம்பினான்!

இப்போது பேஸ் வாசிப்பவர்களின் இந்த ஆன்லைன் குரூப்பில் தினமும் யாராவது பேஸ் விற்கிறீர்கள், மாற்றிக்கொள்கிறீர்கள். நெக்கை நாலு பக்கமும் போட்டோ, வாசித்துக் காட்டி வீடியோ, அப்புறம் கூரியர். யாரும் யாரையும் "நீ போய் பாத்துட்டு வா" என்று அனுப்புவதில்லை. நல்லதுதான். என்னைப் போல ஒருவனிடம் மாட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒருவன் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து பேஸ் வாங்கவும் வேண்டாமென்று விடவும் அன்றைக்கு ஆள் இருந்தான்… அது எனக்கு எப்போதாவது நெஞ்சில் குத்தும்.

இந்த குரூப்பில் குமரேசனும் இருக்கிறான். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து இதைப் படிப்பான்.

திட்டமாட்டான். "அட போடா" என்று சிரித்துவிட்டு, அன்றைக்கே மறந்துவிடுவான். அவனால் அது முடியும்.

அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு அவன்மேல் பொறாமை.