அதுக்கு முன்ன எந்த ஊருங்க?

ஏற்காட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இன்னும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது இந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிடுகிறது. பஸ் ஸ்டாண்டிலோ வங்கி வரிசையிலோ மருந்துக் கடையிலோ யாராவது என் பேச்சைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். "உங்களுக்கு எந்த ஊருங்க?" ஈப்போ என்பேன். மலேசியாவா என்று ஒரு வியப்பு, அங்கே மழை எப்படி, சம்பளம் எப்படி என்று ஒரு விசாரிப்பு. அதோடு விட்டால் புண்ணியம், விடமாட்டார்கள். "அது சரிங்க. அதுக்கு முன்ன எந்த ஊருங்க?" அதற்கு முன் என்ன இருக்கிறது? நான் பிறந்ததே ஈப்போவில்தான். சிரித்து மழுப்பிவிட்டு நடப்பேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கோபம் வரும், அதுவும் என் மேலேயே வரும்.

ஈப்போவில் இதைப் படிக்கிறவர்கள், இதற்கா கோபம் என்று கேட்பீர்கள். அங்கே பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, கக் ஜைத்தூன், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது ஒரே கேள்விதான்: "சுடா மாக்கான்?" சாப்பிட்டாயா? இல்லை என்றால் வா, உட்கார். எதிர்வீட்டுச் சீனப் பெண் ஆ மோய் பெருநாளைக்கு மீகூன் சேமியா கொண்டுவந்தால் என் வீட்டுச் சட்டி முறுக்கோடு திரும்பிப் போகும். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. இனம் என்ன என்று ஒவ்வொரு படிவத்திலும் கட்டம் போட்டுக் கேட்பார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். நம்மவர்களும் கல்யாணப் பேச்சு வந்தால் மெல்லிய குரலில் விசாரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் பசியாற வந்து உட்கார்ந்தவரிடம், சோறு போட்டவரிடம், உன் அப்பன் எந்தத் தெரு என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் சேலத்துக்காரர். ஈப்போவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குச் சமையல் வேலைக்கு வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு முப்பது வருடம் அங்கேயே இருந்துவிட்டார். வயதானதும் சொந்த ஊர் ஆசை வந்தது. சேலத்து வெயிலை அவராலேயே தாங்க முடியவில்லை. மலை மேல் வாழவந்தி போகிற வழியில் ஒரு சின்ன வீடு வாங்கினோம், இரண்டு அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். முதல் இரண்டு தீபாவளியும் சேலத்தில் கொழுந்தனார் வீட்டில் போயின. போன தீபாவளிக்குத்தான் நம் ஊர்ப் பழக்கப்படி வீட்டைத் திறந்து வைக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது. ஈப்போவில் அழைப்பே வேண்டாம், கதவு திறந்திருந்தால் தெருவே வரும். நாற்பது பேருக்குத் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, கோழி ரெண்டாங் பிரட்டல், முறுக்கு. கேட்டில் அழகாக ஒரு அட்டை: 'இன்று திறந்த இல்லம். அனைவரும் வருக.'

மத்தியானம் வரை ஈ காக்கை இல்லை. பிறகு ஒரு தம்பதி வந்து ரூம் வாடகை எவ்வளவு என்று கேட்டார்கள். அடுத்து ஒரு பெரியவர் வந்து வாசலிலேயே நின்று, ஜெபக்கூட்டம் எத்தனை மணிக்கு, எந்த சபை என்று கேட்டார். கூட்டமில்லை, சாப்பாடு என்றேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நாங்க மதமெல்லாம் மாறமாட்டமுங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அலாமாக்! தேங்காய்ப்பால் சோற்றை அன்று சாயங்காலம் தெரு நாய்களுக்குப் போட்டேன்.

அன்றைக்கு மகளிடம் போனில் அழுதுவிட்டேன். அவள் ஈப்போவில் தாதியாக இருக்கிறாள், எதையும் கறாராகப் பேசுகிறவள். "ஒரு வருஷம் பாரும்மா. அடுத்த தீபாவளிக்குள்ள உன் மேசையில உட்கார்ந்து மனசாரச் சாப்பிட ஒருத்தராவது வரணும். இல்லேன்னா டிக்கெட் போடுறேன், வந்துரு" என்றாள். அப்பா என்று இழுத்தேன். அவர் வந்தால் வரட்டும், இல்லை அவர் ஊரில் அவர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். முப்பது வருடக் குடித்தனம் ஒரு சாப்பாட்டு மேசையில் வந்து நின்றது.

அட்டையில் என்ன பிழை என்று சரோஜாதான் விளக்கினார். மளிகைக் கடைக்காரர் மனைவி, ஓமலூர்ப் பக்கத்துப் பெண். இங்கே வீடு வீடாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு குங்குமம் வைத்துக் கூப்பிட வேண்டும், கூப்பிடாத வீட்டுக்குச் சாப்பிடப் போனால் அது கேவலம் என்றார். சரி என்று தட்டை ஏந்திக்கொண்டு மேடும் பள்ளமுமாக நடந்தேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு. ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும், தன் வாழ்க்கையிலிருந்து ஒரு கதை சொல்ல வேண்டும். நான் சட்டம் போட்டதைக் கேட்டுச் சிரித்தார்கள். கதை சொல்ல நாங்கள் என்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளா என்றார்கள். ஆனாலும் வந்தார்கள். முதல் மாதம் காப்பிப் பழம் பறிக்க வந்திருந்த ஜார்க்கண்ட் பெண்கள் மூன்று பேர்கூட வந்தார்கள். ஒருத்தி இந்தியில் ஏதோ நீளமாகச் சொல்லி அழுதாள், எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, கூட அழுதோம். சீசன் முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். தங்கியது சரோஜாவும் நல்லம்மாவும்தான்.

நல்லம்மா மாரமங்கலத்துக்காரர். மிளகும் வாழைத்தாரும் கொய்யாவும் கொண்டுவந்து டவுனில் விற்பார். எங்களிடமும் அப்படித்தான் பழக்கம். முதல் தடவை சாமைச்சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்தார். எங்கிட்ட ஏதுங்க கதை என்று ஒரு மணி நேரம் மறுத்தார். அப்புறம் மெல்ல ஆரம்பித்தார். இரண்டாவது பிரசவத்துக்குச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் இறங்கும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவிலேயே வலி முற்றிவிட்டதாம். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, ஆண்களையெல்லாம் இறக்கி, மலையைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னாராம். பிறந்த பெண்ணுக்குப் பூங்கொடி என்று பெயர், ஆனால் ஊரில் இன்னமும் 'ஒம்பதாவது வளவு' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அப்படிச் சிரித்தோம், எனக்குப் புரையேறிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

நல்லம்மாவிடம் எனக்கு ஒரே ஒரு சண்டை. சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிடுவார். என் வீட்டில் விருந்தாளி தட்டைத் தொடக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. எஸ்டேட் பங்களாவில் வேலை பார்த்தபோது பழகியது, கை தானாகப் போகிறது என்பார். இன்னொரு கரண்டி என்றாலும் போதுமுங்க, எதைப் போட்டாலும் போதுமுங்க. அந்தக் கழுவின தட்டை அலமாரியில் அடுக்க எனக்கு மனம் வராது. ஏன் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் மாட்டேன்.

அதனால் நான் போட்ட சட்டத்தை நானே மீறிக்கொண்டிருந்தேன். நான்கு ஞாயிறும் நான் சொன்னவை எல்லாம் ஈப்போக் கதைகள், குரங்கு புகுந்த கதை, வெள்ளம் வந்த கதை. என் அப்பா கப்பலேறிய ஊர் வேறெங்கோ இல்லை. இந்த மலை விளிம்பில், லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால் கீழே சேலத்துச் சமவெளி விரிகிறதே, அதில்தான் எங்கோ இருக்கிறது. ஊருக்கு வெளியே, தனியாக இருந்த தெரு. என் வீட்டுக்காரர் கல்யாணத்தின்போதே தன் வீட்டில் "நம்ம ஆளுங்கதான்" என்று சொல்லிவைத்துவிட்டார். இங்கே வந்த முதல் நாளே, அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே, இது ஈப்போ இல்லை என்று என்னிடம் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவரோடு முப்பது வருடம் இருந்தால் பயம் நமக்கும் ஒட்டிக்கொள்ளும்.

ஐந்தாவது ஞாயிறு சரோஜா விடவில்லை. எல்லார் கதையையும் கறந்துவிட்டீர்கள், உங்கள் கதை எங்கே என்றார். "உங்கப்பாரு எந்த ஊருல இருந்துங்க கப்பலேறுனாரு?" நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் புகுந்துவிட்டார். மாமனார் பரமத்திப் பக்கம் பெரிய பண்ணையமாம். கிணறாம், இரண்டு சோடி எருதாம். பங்காளிச் சண்டையில் மனம் வெறுத்துப்போய்க் கப்பலேறினாராம். மனிதர் தடுமாறாமல் சொல்லிக்கொண்டே போனார். என் அப்பாவிடம் ஆயுசுக்கும் ஒரு ஆட்டுக்குட்டிகூட இருந்ததில்லை. கப்பலேறும்போது இடுப்பில் ஒரு வேட்டி, தோளில் ஒரு வேட்டி. அந்த மனிதரை அழித்துவிட்டு என் கண் முன்னாலேயே வேறு ஒருத்தரை, எருதோடும் கிணற்றோடும், உட்கார்த்தி வைக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதெல்லாம் பொய்" என்றேன். பிறகு என் அப்பாவின் கதையைச் சொன்னேன். ஈப்போவில் அவர் நகராட்சியில் தெருக் கூட்டினார். விடியற்காலை வேலை முடிந்ததும் ஒரு சீனரின் கோப்பிக் கடைக்குப் போவார். குடித்ததும் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் கழுவிக் கவிழ்த்து வைப்பார். கடை முதலாளி டவுக்கேக்குக் கோபமான கோபம். என் கோப்பை அழுக்கென்றா கழுவுகிறாய், என் கடைக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மலாயில் கத்துவார். விளக்கிச் சொல்ல அப்பாவுக்குப் பாஷை தெரியாது, சிரித்துவிட்டு வருவார். மறுநாளும் கழுவுவார். கடைசியில் டவுக்கே 'கிலா', பைத்தியம், என்று தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார். அப்பாவின் ஊர் டீக்கடையில் அவர் தெருக்காரர்களுக்கென்று வெளியே ஆணியில் தனி கிளாஸ் தொங்குமாம். குடித்துக் கழுவி மாட்டிவிட்டு வர வேண்டுமாம். கடல் தாண்டியும் கை மறக்கவில்லை. எங்கள் வீட்டில்கூட, அம்மா திட்டத் திட்ட, சாகும்வரை தன் கோப்பையைத் தானே கழுவினார்.

சரோஜா பிசைந்துகொண்டிருந்த சோற்றில் கை அப்படியே நின்றது. பிறகு, கேஸ் சிலிண்டர் வருகிற நேரம், மறந்தே போனேன் என்று எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் சிலிண்டர் வருகிறது? "வர்றனுங்க" என்று மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். நல்லம்மா தலையைக் குனிந்து மிச்சத்தைச் சாப்பிட்டார், வழக்கம்போலத் தட்டைக் கழுவினார், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், இனி இந்த ஊரில் யார் வருவார்கள் என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, வீம்புக்கென்றே எட்டுப் பேருக்குச் சமைத்தேன். வெற்றிலைத் தட்டோடு நான் போகவில்லை. வருகிற கால்கள் தாமாக வரட்டும் என்று முன்கதவை விரியத் திறந்து வைத்தேன். பன்னிரண்டானது, ஒன்றானது. பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து போனதுதான் மிச்சம். தட்டுகளை எடுத்து வைக்கப் போனபோது பின்பக்கம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து, வேலியைத் தாண்டி, புடவையெல்லாம் நாயுருவி ஒட்டி, நல்லம்மா நின்றிருந்தார். கையில் சாமைச்சோற்றுத் தூக்கு.

முன்னால் வரலாமே என்றேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. எனக்கு ஒண்ணுமில்லீங்க. பூங்கொடிக்கு ஒரு எடம் கூடி வருது. நான் இங்க உண்டேன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துட்டா, அது நின்னு போயிருமுங்க."

வெளியே போ என்று சொல்ல நாக்கு வரை வந்தது, சத்தியமாக வந்தது. உள்ளே வாங்க என்றுதான் சொன்னேன். மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில், "ஏனுங்கக்கா, அந்தக் கொழம்பு இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றார். ஆறு மாதத்தில் முதல் தடவை. பிறகு, "உங்கப்பாரு கழுவுற கதை, அன்னைக்குப் போனதுல இருந்து நொம்ப உறுத்துதுங்க. நான் ஏன் கழுவுறேன்னு நானும் நெனச்சுப் பாக்கலீங்க" என்றார். தட்டை எடுக்கக் கை போனது, நின்றது. அங்கேயே வைத்துவிட்டு எழுந்தார். வந்த வழியே, வேலியைத் தாண்டிப் போனார். இறங்கும்போது பின்வாசல் படியில் பாசி வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். யாராவது வந்தார்களா என்றாள். வந்தார்கள் என்றேன். உட்கார்ந்து சாப்பிட்டார்களா? சாப்பிட்டார்கள், குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எத்தனை பேர்? ஒருத்தர். அப்போ நீ ஜெயிச்சிட்டேம்மா, டிக்கெட் வேண்டாம் என்று சிரித்தாள். எந்த வாசல் வழியாக வந்தார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்பாவின் ஊரில், பெரிய வீடுகளுக்குப் பின்வாசல் வழியாகத்தான் அவர் போனாராம். அவர் மகள் வீட்டுக்கு, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, இன்னொருத்தி பின்வாசல் வழியாக வருகிறாள். இதை வெற்றி என்று எடுத்துக்கொள்வதா, மூஞ்சியில் அறைந்தது என்று எடுத்துக்கொள்வதா, இன்னும் எனக்குத் தெரியவில்லை. இன்று மறுபடியும் இரண்டாவது ஞாயிறு. காலையில் முன்கதவைத் திறந்து வைத்துவிட்டு, தேங்காய் ஓடும் வாளியுமாகப் பின்பக்கம் போனேன். வாயில் வந்தபடி எல்லோரையும் திட்டிக்கொண்டே, குந்தி உட்கார்ந்து, நல்லம்மா வழுக்கி விழாதபடி அந்தப் படியின் பாசியைச் சுரண்டிக் கழுவினேன்.