ஷாஜாதி பார்த்த ஷார்ஜா

ஷார்ஜாவில் மகன் வீட்டில் மூன்று மாதம் பேரனைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு ஷாஜாதி விளாத்திகுளம் திரும்பினாள். தெருவே தன்னிடம் கதை கேட்கும் என்று நினைத்திருந்தாள். பெண்களோ எதிர்வீட்டு ஆஷிகாவின் தையல் மிஷினைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கோவில்பட்டியைத் தாண்டாத கழுதை, நைட்டி தைத்தபடியே போனில் ஊர்சுற்றும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஷார்ஜாவின் சந்தையையும், அங்கே விருந்தாளிக்குக் காப்பி ஊற்றும் முறையையும் விளக்கிக்கொண்டிருந்தாள். ஷாஜாதிக்கு வயிறு எரிந்தது. விமானம் ஏறியது யார், பேசுவது யார்?

"மாமி, ஒங்க மவன் இருக்க பில்டிங் இதானே?" என்று ஆஷிகா போனை நீட்டினாள்.

அதேதான். அந்தப் பச்சைக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் பின்னால் நீலமாகக் கடல் கிடந்தது.

"கடலுக்குத் தெனமும் போயிருப்பீங்க."

மூன்று மாதமும் அடுக்களையை விட்டு நகராத ஷாஜாதி திரையை முறைத்தாள்.

"இந்தக் கடலு நான் வந்த பெறவு வந்துருக்கும்," என்றாள்.